எண்டோகன்னாபினாய்டு அமைப்பு அவ்வளவு முக்கியமா? அது குறைந்துபோனால் டெஸ்டில் தெரியுமா?

நீங்கள் ஒரே மூச்சில் கேட்டிருந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்று வருடமாக உடம்பு முழுக்க வலி, தூக்கம் சரியில்லை, எடுத்த ரிப்போர்ட் எல்லாம் நார்மல். இந்த நிலையில் ஒரு காணொளி பார்த்திருக்கிறீர்கள். எண்டோகன்னாபினாய்டு அமைப்புதான் உடம்பின் தலைமைச் செயலகம், அது வற்றினால் இப்படித்தான் ஆகும் என்று அதில் சொன்னார்களாம். அந்த அமைப்பு உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா, உங்களுக்கு அது வற்றிவிட்டதா என்று டெஸ்ட் எடுத்துப் பார்க்க முடியுமா, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் விட்டால் நிரம்புமா என்கிறீர்கள். முதலாவதற்கு ஆமாம். இரண்டாவதற்கு முடியாது. மூன்றாவதற்கு, விற்பவர்கள் சொல்கிற அளவுக்கு ஆதாரம் இல்லை. நான் மருத்துவ மாணவர்களுக்கு இருபது வருடத்துக்கு மேலாக மருந்தியல் நடத்துகிறவன். மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று சொல்ல முடியும். உங்களை நேரில் பார்க்காமல் உங்கள் வலிக்குக் காரணம் இதுதான் என்று சொல்ல என்னால் முடியாது. காணொளியில் பேசியவராலும் முடியாது.

இந்த அமைப்புக்கு வாய்த்த பெயரே முதல் தொல்லை. 'எண்டோ' என்றால் உள்ளே, 'கன்னாபிஸ்' என்றால் கஞ்சா. கள்ளச்சாவியின் பெயரைப் பூட்டுக்கு வைத்த கதை அது. 1964-இல் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் கவோனியும் கஞ்சாச் செடியில் போதை தரும் பொருளான டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். அது உடம்பில் எங்கே போய் உட்காருகிறது என்று தெரிய இன்னும் 24 வருடம் ஆனது. 1988-இல் அலின் ஹவ்லெட்டும் அவருடைய மாணவர் வில்லியம் டிவேனும் எலி மூளையில் அதற்கான ஏற்பி, அதாவது ரிசப்டர், இருப்பதைக் காட்டினார்கள். 1990-இல் அதன் மரபணு கிடைத்தது. அதைத்தான் இப்போது சிபி1 என்கிறோம். 1993-இல் நோய் எதிர்ப்புச் செல்களில் அதிகம் இருக்கும் இரண்டாவது ஏற்பி, சிபி2, கிடைத்தது.

ஒரு செடியின் சாறுக்காக மூளை பூட்டுச் செய்து வைத்திருக்காது. அப்படியானால் சொந்தச் சாவி ஒன்று உள்ளேயே இருக்க வேண்டும். அபினிலும் இதேதான் நடந்தது: மார்ஃபினுக்கு ஏற்பி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உடம்பே செய்துகொள்ளும் என்கெஃபலினும் எண்டார்ஃபினும் அகப்பட்டன. டிவேன் ஜெருசலேமுக்குப் போய் மெஷூலமின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவரும் லூமீர் ஹனூஷும் பன்றி மூளைகளை அரைத்து அரைத்து, 1992-இல் அந்தச் சாவியைத் துளியூண்டு பிரித்தெடுத்தார்கள். அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். நம் ஆனந்தம்தான்; வேதியியலின் 'அமைடு' அதோடு ஒட்டிக்கொண்டது. பெயர் அழகாக இருப்பதால் எல்லோரும் இதைப் பற்றியே பேசுகிறார்கள். மூளையில் இதைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பது 1995-இல் கண்டுபிடிக்கப்பட்ட 2-ஏஜி என்கிற மற்றொரு பொருள். அன்றாட வேலையில் பெரும்பங்கு அதனுடையது, பெயர்தான் எடுபடவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால் உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி பதில் வந்துவிடும். ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். இரண்டு நரம்பு செல்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பேசும், மற்றது கேட்கும். பேசுகிற செல் ஒரு ரசாயனத்தைச் சிறு பைகளில் அடைத்துத் தயாராக வைத்திருக்கும். சமிக்ஞை வந்ததும் இடைவெளியில் கொட்டும். அது கேட்கிற செல்லில் போய் ஒட்டும். நரம்பு மண்டலத்தில் வழக்கமான போக்குவரத்து இதுதான், ஒருவழிப் பாதை. எண்டோகன்னாபினாய்டுகள் எதிர்த் திசையில் போகின்றன. பேசுகிற செல் ஓயாமல் கொட்டிக்கொண்டே இருந்தால் கேட்கிற செல்லுக்குள் கால்சியம் ஏறும். உடனே அது தன் சவ்வில் இருக்கும் கொழுப்பையே வெட்டி 2-ஏஜியைச் செய்கிறது. அது பின்னோக்கிப் போய், பேசுகிற செல்லின் வாயிலேயே இருக்கும் சிபி1-ஐத் தொடுகிறது. அங்கே கால்சியம் உள்ளே வரும் வழி அடைபட, பைகள் திறப்பது குறைகிறது. பக்கத்து வீட்டில் ரேடியோ அலறினால் நாம் சுவரில் தட்டுவோமே, அதுதான். 2001-இல் ஜப்பானில் ஒன்றும் அமெரிக்காவில் இரண்டுமாக மூன்று ஆய்வகங்கள் தனித்தனியாக இதைக் காட்டின. தட்டும் சத்தம் சில பத்து விநாடிகளுக்குத்தான். பிறகு நொதிகள் வந்து பொருளை உடைத்துவிடும். ஆனந்தமைடை உடைக்கும் நொதியை ஆராய்ச்சியாளர்கள் சுருக்கமாக 'ஃபா' என்பார்கள். இந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும்.

இதில் இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இது முதன்மையாக ஒரு பிரேக். இரண்டு, இது தொட்டியில் சேர்த்து வைக்கிற சரக்கு கிடையாது. தேவைப்படும் நொடியில், தேவைப்படும் இடத்தில் செய்து, அங்கேயே அழிக்கப்படுகிறது. 'வற்றிப்போச்சு', 'நிரப்பணும்' என்ற பேச்சே இந்த அமைப்புக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். தலைமைச் செயலகம் என்பதும் சரியில்லை. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் நடக்கும் தட்டல் இது. மேலிருந்து யாரும் உத்தரவு போடுவதில்லை.

ஆனால் அந்தச் சுவர்கள் உடம்பு முழுக்க இருக்கின்றன. மூளையில் அதிகம் காணப்படும் ஏற்பி வகைகளில் சிபி1-உம் ஒன்று. நினைவுக்கான ஹிப்போகாம்பஸ், பயத்துக்கான அமிக்டலா, அசைவைச் சீராக்கும் சிறுமூளை, எல்லா இடத்திலும் நெருக்கமாக இருக்கிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் மட்டும் மிகவும் குறைவு. அபின் வகை மருந்து அளவு மீறினால் மூச்சு நின்று ஆள் போய்விடுவதும், கஞ்சாவில் அந்த வழியில் சாவு நேராததும் இந்த வித்தியாசத்தால்தான். (அதனால் கஞ்சா தீங்கற்றது என்று படிக்க வேண்டாம், அதற்குப் பின்னால் வருகிறேன்.) குடலின் நரம்புகளிலும், கல்லீரலிலும், கொழுப்புத் திசுவிலும், கர்ப்பப்பையிலும் இந்த அமைப்பு இருக்கிறது.

நான் வகுப்பில் வழக்கமாகச் சொல்லும் சோதனை ஒன்று. பிறந்த ஒரு நாளுக்குள் எலிக்குட்டிகளுக்கு சிபி1-ஐ அடைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். குட்டிகள் தாயின் காம்பைப் பற்றிப் பால் குடிக்கவில்லை. சில நாட்களில் செத்துப்போயின. இதைச் சொன்னதும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். மனிதத் தாய்ப்பாலிலும் 2-ஏஜி இருக்கிறது. இன்னொரு சோதனை: ஒரு ஒலியைக் கேட்கவைத்துக் காலில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தால் எலி அந்த ஒலிக்கே உறைந்து நிற்கும். பிறகு அதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் சாதாரண எலிக்குப் பயம் தெளிந்துவிடும். சிபி1 இல்லாமல் பிறந்த எலிக்கு எளிதில் தெளிவதில்லை. பழைய பயத்தைக் கைவிடவும் ஒரு பிரேக் தேவை என்பது 2002-இல் இப்படித்தான் தெரியவந்தது.

இவையெல்லாம் எலி. மனிதனில் என்ன என்று கேட்பீர்கள். நம்மிடம் உள்ள வலுவான சாட்சி வருத்தமான முறையில் கிடைத்தது. கஞ்சா பசியைக் கிளப்புகிறது என்றால் சிபி1-ஐ அடைத்தால் பசி அடங்குமே என்று கணக்குப் போட்டு, ரிமோனபான்ட் என்ற மருந்தைச் செய்தார்கள். கணக்கு சரியாகவே இருந்தது. ஒரு வருடத்தில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஏறக்குறைய 5 கிலோ அதிகமாக எடை குறைந்தது. 2006-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. பிறகு பார்த்தால், சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம். அமெரிக்க வல்லுநர் குழு 2007-இலேயே வேண்டாம் என்றது. 2008-இல் ஐரோப்பாவிலும் நிறுத்தப்பட்டது. மூளைக்குள் போகும் சிபி1 அடைப்பான்கள் எல்லாவற்றையும் மற்ற நிறுவனங்களும் கைகழுவின. பசியில் மட்டும் பிரேக்கைக் கழற்றலாம் என்று நினைத்தார்கள். மனநிலையின் பிரேக்கும் அதே கம்பியில்தான் இருந்தது. இந்த அமைப்பு மனிதருக்கு முக்கியமா என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த மருந்தைத்தான்.

சரி, அடைத்தால் கெடுதல் என்றால் கூட்டினால் நல்லதுதானே? இந்த இடத்தில்தான் காணொளிக்காரர்கள் ஒரு தாவு தாவுகிறார்கள். அவர்களுக்குச் சாதகமான ஒரு கதை உண்மையிலேயே உண்டு. ஸ்காட்லாந்தில் ஒரு பெண்மணி, 60 வயதைத் தாண்டியவர், கட்டைவிரல் மூட்டுத் தேய்மானத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். கடும் வலி வரும் அறுவை அது. அவர் வலி மாத்திரையே கேட்கவில்லை. விசாரித்தால், வாழ்நாள் முழுக்க அப்படித்தானாம்; சூட்டில் கை பட்டால்கூடச் சதை கருகும் வாடை வந்த பிறகுதான் தெரியுமாம். மரபணுவைப் பார்த்தபோது 'ஃபா' நொதியைக் குறைக்கும் மாற்றங்கள் அவரிடம் இருந்தன. இரத்தத்தில் ஆனந்தமைடு கூடுதல். பதற்றம் இல்லை, காயம் சீக்கிரம் ஆறுகிறது, கொஞ்சம் மறதி உண்டு. 2019-இல் இது பிரசுரமானது.

ஆனால் அதே நொதியை மருந்தால் அடைத்துப் பார்த்த அனுபவம் வேறு மாதிரி. முழங்கால் தேய்மான வலி உள்ளவர்களுக்கு 'ஃபா' அடைப்பான் ஒன்றைக் கொடுத்தார்கள். நொதி அடைபட்டது, ஆனந்தமைடு பல மடங்கு ஏறியது, வலி குறையவில்லை. வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் வேறொரு 'ஃபா' அடைப்பானை ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது ஒருவர் இறந்தார். வேறு சிலருக்கு மூளை பாதிக்கப்பட்டது. அந்த மருந்து 'ஃபா'வோடு நிற்காமல் வேறு பல நொதிகளையும் தாக்கியதாகப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே பழியை ஆனந்தமைடு மேல் போட முடியாது. என்றாலும் பாடம் ஒன்று மிஞ்சுகிறது. பிறவியிலிருந்தே உடம்பு பழகிக்கொண்ட ஒரு நிலையும், ஐம்பது வயதில் மாத்திரையால் உண்டாக்கும் நிலையும் ஒன்றல்ல.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 'எண்டோகன்னாபினாய்டு குறைபாடு' என்று ஒரு நோய் இருக்கக்கூடும் என்ற கருதுகோளை அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஈத்தன் ரூசோ 2000-களின் தொடக்கத்தில் முன்வைத்தார். ஒற்றைத் தலைவலி, உடம்பு முழுக்க நாள்பட வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா, எரிச்சல் குடல் ஆகிய மூன்றும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வருவது சகஜம், மூன்றிலும் ரிப்போர்ட் நார்மலாக வரும், அப்படியானால் பொதுவான வேர் ஒன்று இருக்கலாமே என்பது அவர் வாதம். முட்டாள்தனமான வாதம் இல்லை. நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்களின் தண்டுவட நீரில் ஆனந்தமைடு குறைவாக இருந்ததாக ஓர் ஆய்வு உண்டு. ஆனால் குறைந்ததால் தலைவலி வந்ததா, வருடக்கணக்கான தலைவலியாலும் மாத்திரையாலும் குறைந்ததா என்பதை அது பிரித்துச் சொல்லவில்லை. கருதுகோளாகத் தொடங்கியது இன்றும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. அதை நோய் என்று ஏற்று, இன்ன அளவுக்குக் கீழே போனால் குறைபாடு என்று வரையறுத்த மருத்துவ வழிகாட்டுதல் எதுவும் கிடையாது.

இரத்த டெஸ்ட் ஏன் உதவாது என்பதற்கு நானே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாணவியின் ஆய்வுக்காக ஆனந்தமைடு அளந்துகொண்டிருந்தோம். ஒரே ஆளிடம், ஒரே ஊசியில் எடுத்த இரத்தம், இரண்டு குழாய். ஒன்றை உடனே பனிக்கட்டியில் வைத்துச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட்டோம். மற்றது மேஜையில் மறந்துபோய் ஒரு மணி நேரம் நின்றது. அதில் அளவு கணிசமாகக் கூடிவிட்டது. காரணம் எளியது: குழாய்க்குள் இருக்கும் இரத்த செல்கள் ஆனந்தமைடைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்கும். இதற்கு மேல், சாப்பிட்ட நேரம், நடந்த தூரம், தூங்கிய மணி, உடல் எடை, எல்லாம் அளவை மாற்றும். இவ்வளவையும் சரிக்கட்டி அளந்தாலும் கிடைப்பது இரத்தத்தில் சிந்தியது மட்டும்தான். சுவரில் எத்தனை தட்டு விழுந்தது என்பது அதில் தெரியாது. யாராவது இந்த டெஸ்டை உங்களுக்குக் காசுக்கு எடுக்கச் சொன்னால் எடுக்காதீர்கள்.

சிபிடிக்கு வருவோம். நன்றாக நிரூபணமான ஒரு பயன் உண்டு. குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு, டிராவே, லெனாக்ஸ்-கஸ்டாட் என்பவை, தூய்மைப்படுத்திய சிபிடியை அமெரிக்கா 2018-இல் மருந்தாக ஏற்றது. அங்கே கொடுக்கும் அளவைக் கவனியுங்கள்: ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 20 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் 600 முதல் 1200 மில்லிகிராம். நீங்கள் குறிப்பிட்ட குப்பியில் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் என்று இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சிபிடி அந்த சிபி1, சிபி2 பூட்டுகளில் சரியாகப் பொருந்துவதே இல்லை. வலிப்பில் அது வேலை செய்வதும் பெரும்பாலும் வேறு வழிகளில்தான் என்று கருதப்படுகிறது. ஆகவே 'உங்கள் எண்டோகன்னாபினாய்டை நிரப்பும்' என்று லேபிளில் எழுதுவது விளம்பரம்.

குப்பியில் என்ன இருக்கிறது என்பதே தனிக் கதை. 2017-இல் இணையத்தில் வாங்கிய 84 சிபிடிப் பொருட்களைப் பரிசோதித்தார்கள். லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில்தான். 18 பொருட்களில் டி.எச்.சி. கலந்திருந்தது. அதிக அளவில் சிபிடி இரத்தத்தில் கல்லீரல் நொதிகளை ஏற்றும், அதாவது கல்லீரலைப் பாதிக்கலாம். வார்ஃபரின் என்கிற இரத்தம் உறையாமைக்கான மாத்திரையையும் குளோபசாம் போன்ற வலிப்பு மாத்திரையையும் உடம்பில் தேங்கவைக்கும். நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டி.எச்.சி. வகை மருந்துகளுக்கு வரையறுத்த இடம் உண்டு. புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கு 1985 முதல் இருக்கின்றன. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்பு நோயில் வரும் தசை விறைப்புக்கு வாயில் அடிக்கும் ஸ்பிரே இருக்கிறது. நாள்பட்ட வலியில் கிடைக்கும் பலன் சராசரியாகப் பார்த்தால் சொற்பம். தலைசுற்றலும் மந்தமும் அதோடு வரும். இளம் வயதில் தினசரிக் கஞ்சா, அதுவும் வீரியம் கூடியது, மனச்சிதைவு போன்ற நோய்களின் ஆபத்தோடு சேர்ந்தே வருகிறது என்பதை மறைக்கக் கூடாது. தினமும் புகைப்பவர்களின் மூளையைப் படமெடுத்தபோது சிபி1 குறைந்திருந்தது. நான்கு வாரம் போல நிறுத்தியதும் பெரும்பாலான இடங்களில் பழைய நிலைக்கு வந்தது. வெளியிலிருந்து சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார். வாந்தியை நிறுத்தும் அதே பொருள், வருடக்கணக்காக எடுத்த சிலருக்கு நிற்காத வாந்தியை உண்டாக்குகிறது. சுடுநீரில் குளித்தால் மட்டும் தணியும். அந்த நோயாளிகள் மணிக்கணக்கில் குளியலறையிலேயே கிடப்பார்கள்.

இந்த அமைப்பைத் தொந்தரவு இல்லாமல் தூண்டும் வழி ஏதும் உண்டா? மிதமான வேகத்தில் ஓடினாலோ சைக்கிள் மிதித்தாலோ இரத்தத்தில் ஆனந்தமைடு ஏறுகிறது. இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்தது. ஓடிய பிறகு வரும் அந்த மிதப்பு எண்டார்ஃபினால் வருகிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தோம். எண்டார்ஃபினைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து ஓடவைத்தபோதும் மிதப்பு வந்தது என்று 2021-இல் வெளியானது. எண்டோகன்னாபினாய்டுதான் காரணம் என்பதற்கு இது மறைமுகச் சாட்சி, அவ்வளவுதான். தூக்கத்தின் கதை தலைகீழ். நான்கு இரவு நாலரை மணி நேரம் மட்டும் தூங்கவைத்தபோது பகலில் 2-ஏஜி கூடுதலாக ஏறி, இரவுவரை இறங்காமல் நின்றது. அவர்கள் நொறுக்குத் தீனியைக் கட்டுப்படுத்த முடியாமல் தின்றார்கள். 'அதிகமானால் நல்லது' என்ற கணக்கு இங்கேயும் உதைக்கிறது. சாக்லேட்டில் ஆனந்தமைடு இருக்கிறதாமே என்பார்கள். இருக்கிறது, அணுவளவு, வயிற்றையும் கல்லீரலையும் தாண்டி மூளைக்குப் போய்ச் சேராது. பிடித்தால் சாப்பிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு. நீங்கள் விவரித்தது ஃபைப்ரோமயால்ஜியா போலத் தொனிக்கிறது. அதைத் தீர்மானிக்க வேண்டியது வாத நோய் மருத்துவர். தைராய்டு, பி12, வைட்டமின் டி பார்த்தாயிற்று என்கிறீர்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்த்தார்களா? குறட்டை இருந்தால் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஐரோப்பிய வாத நோய்க் கூட்டமைப்பு 2016-இல் திருத்திய பரிந்துரைகளில் 'உறுதியாகப் பரிந்துரைக்கிறோம்' என்று சொன்னது ஒன்றே ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. வலியோடு இருப்பவரிடம் இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும். பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டினால் போதும். ஒரே நாளில் அளவுக்கு மீறிச் செய்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு.

குப்பியை ஏற்கெனவே வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எடுக்கத் தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதில் வார்ஃபரினோ, வலிப்பு மாத்திரையோ, தூக்க மாத்திரையோ இருந்தால் இன்றைக்கு இரவு அந்தச் சொட்டு மருந்தை விட வேண்டாம். முதலில் பட்டியலை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.